தாமஸ் பிட்டைத் தராசில் வைப்பது எப்படி

திருவொற்றியூரில் அப்பாவின் பட்டறையில் நான் படித்த முதல் எடை வாய்ப்பாடு: இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. அப்புறம் ஒரு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக 31 வருஷம் உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற மறுமாதம் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் எங்கள் ஊர்ப் பழங்கதையைத் தேட ஆரம்பித்ததில் மாட்டியவர்தான் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர். 1708ல் நவாப் தாவூத் கானிடமிருந்து திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு என்ற ஐந்து கிராமங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கியவர். அந்த வகையில் எங்கள் தெருவுக்கும் அவருக்கும் ஒரு பழைய பற்றுவரவு உண்டு.

300 வருஷத்துக்கு முந்தைய ஒரு ஆளை எப்படித் தேடிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு, நான் செய்த முறையையே எழுதுகிறேன். பிட்டை வைத்துப் பழகிவிட்டால் கம்பெனி வியாபாரி யாராக இருந்தாலும் இதே முறைதான்.

முதலில், பிறப்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் பிளாண்ட்ஃபோர்ட் செயின்ட் மேரி என்ற சிற்றூர்ப் பாதிரியாரின் மகன், 1653ல் பிறந்தவர் என்று எழுதிவைத்தால் உங்களுக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. அவர் கைப்பட எழுதிய ஒரே ஒரு தாளைப் பிடியுங்கள். பணம் பேசும் தாளாக இருந்தால் நல்லது. மனுஷன் சாமி கும்பிடும்போதும் கடிதம் எழுதும்போதும் எப்படி வேண்டுமானாலும் இருப்பான், பேரம் பேசும்போது மட்டும் அவனாகவே இருப்பான்.

பிட் விஷயத்தில் அந்தத் தாள் 1710 ஜூலை 29ஆம் தேதி நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் எழுதிய வாக்குமூலம். பதவி போய், கப்பலேறி, ஊருக்குப் போகும் வழியில் அங்கே தங்கியிருக்கிறார். இந்தச் சோகம் பிடித்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரே நினைப்பாக இருக்கிறது என்றுதான் தொடங்குகிறார். என்ன நினைப்பு? சென்னையில் அவருடைய பழைய எதிரி வில்லியம் ஃப்ரேசரும் இன்னும் இருவரும் சேர்ந்து, பிட் தன் பெரிய வைரத்தை நியாயமில்லாத வழியில் வாங்கினார் என்று ஆலோசனைக் குழுவில் ஒரு மனு கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில்தான் இந்தத் தாள். இதைப் படிக்கும்போது ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். இடது பக்கம் விற்பவர் கேட்டது, வலது பக்கம் பிட் சொன்னது.

1701 டிசம்பர். ஜாம்சந்த் என்ற பெரிய வைர வியாபாரி வெட்டாத கல்லோடு வருகிறார். கேட்பது 2,00,000 வராகன் (அன்றைய தங்க நாணயம்). பிட் சொல்வது 30,000, அதுவும் அரைமனசாக. ஜாம்சந்த் கல்லைச் சில நாள் பிட்டிடமே விட்டுவிட்டுப் போகிறார், வந்து எடுத்துக்கொள்கிறார், மறுபடி விடுகிறார். பட்டறையில் வளர்ந்த எனக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். பொருள் ராத்திரி உன் வீட்டில் தூங்கட்டும், காலையில் உனக்கே விட மனசு வராது.

அடுத்த பிப்ரவரியில் வெங்கட்டி செட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறார். விலை 1,00,000க்கு இறங்குகிறது. இன்னொரு நாள் குறித்து கோட்டை ஆலோசனை அறையில் உட்காருகிறார்கள். நீண்ட பேச்சுக்குப் பிறகு ஜாம்சந்த் 55,000, பிட் 45,000. இரண்டு பேரும் அதற்குமேல் அசையவில்லை. பிட் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார், நட்பாகவே பிரிகிறார்கள். உள் அறையில் எழுதிக்கொண்டிருந்த பென்யன் என்பவரிடம் போய், விட்டது தொல்லை என்கிற மாதிரி சொல்கிறார்.

ஒரு மணி நேரம் கழித்து வேலைக்காரன் வந்து, ஜாம்சந்தும் செட்டியும் வாசலில் நிற்கிறார்கள் என்கிறான். உள்ளே வந்து கல்லைப் புகழோ புகழென்று புகழ்கிறார்கள். யாருக்கோ கொடுப்பதைவிட உங்களுக்கே கொடுக்கலாம், 50,000 கொடுங்கள். பிட், நடுவிலிருக்கும் 5,000த்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம் என்கிறார், அதாவது 47,500. முடியாது என்று ஜாம்சந்த் கிளம்புகிறார். கதவுவரை போய்த் திரும்புகிறார். 49,000. பிட் அசையவில்லை. 48,000, இதற்குக் கீழே ஒரு வராகன்கூடக் குறைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். பிட் மறுபடி பென்யனிடம் போய், 47,500 பெறும் என்றால் 48,000மும் பெறும் என்று சொல்லிவிட்டு வந்து முடித்துவிடுகிறார்.

இந்த அரைப் பக்கத்தைப் படித்தபோது அவருக்கு வயது, குணம், குடும்பம் எதுவுமே எனக்குத் தெரியாது. ஆனாலும் ஆளைத் தெரிந்துவிட்டது. 500 வராகனுக்காக உள் அறைக்கு ஒரு நடை நடந்தவர்.

ஒரு எச்சரிக்கை. அடகு வைக்க வருபவர் சொல்லும் எடையை நாங்கள் பேரேட்டில் எழுதுவதில்லை, தராசு சொல்வதைத்தான் எழுதுவோம். இந்தத் தாளும் தன்மேல் பழி வந்த ஒருவர் தனக்காக எழுதியது. எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், “மிக நியாயமாகப் பணம் கொடுத்தேன்” என்ற வரியைத் தனியாக ஓரத்தில் வையுங்கள்.

அடுத்து எடை. வெட்டாத கல் சுமார் 305 ‘மாஞ்செலின்’ இருந்தது என்று பிட் எழுதுகிறார். இதைப் பார்த்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மாஞ்செலின் வேறொன்றுமில்லை, நம் மஞ்சாடிதான். ஐரோப்பிய வியாபாரிகள் வாயில் அப்படி ஆகிவிட்டது. அந்தக் கல்லை வழக்கமாக 410 காரட் என்று எழுதுவார்கள். 410ஐ 305ஆல் வகுத்தால் ஒரு மஞ்சாடிக்கு ஒன்றேகால் காரட்டுக்குச் சற்று மேல். பட்டறையில் நான் கைப்பழகிய மஞ்சாடி எடையோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. இந்த மாதிரிப் பழைய அளவு கண்ணில் பட்டால் கடந்து போகாதீர்கள். உட்கார்ந்து வகுத்துப் பாருங்கள், இரண்டு ஆவணம் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்வது அங்கேதான்.

வெட்டிய பிறகு அதே கல்லை ஒரு இடத்தில் 136 காரட் என்றும் இன்னொரு இடத்தில் 140 என்றும் பார்ப்பீர்கள். குழம்ப வேண்டாம். பழைய காரட் கொஞ்சம் கனம். 200 மில்லிகிராம் என்று காரட்டை நிலைநிறுத்தியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். கல் அதேதான், எண் மட்டும் ஏறிவிட்டது. வெட்டுவதற்கு முன்பு 410, பின்பு 136 என்றால் மூன்றில் இரண்டு பங்கு பொடியாகவும் துண்டாகவும் போயிருக்கிறது.

பணத்துக்கும் இதே கதி. சென்னையில் 80 காசு ஒரு பணம், 36 பணம் ஒரு வராகன். இங்கிலாந்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். 48,000 வராகன் அன்றைக்கு 20,400 பவுன். வகுத்தால் வராகனுக்கு எட்டரை ஷில்லிங். இந்த எட்டரையை ஒரு அட்டையில் எழுதி மேஜையில் ஒட்டிவிட்டேன். இவர் பேசும் தொகைகளையெல்லாம் அதை வைத்துத்தான் மாற்றுகிறேன். இன்றைய ரூபாய்க்கு மாற்றாதீர்கள். அது வெறும் வியப்புக்கு உதவும், புரிதலுக்கு உதவாது. அன்றைய தொகையை அன்றைய இன்னொரு தொகையோடு ஒப்பிடுங்கள். வாங்கியது 20,400, லண்டனில் வெட்டுக்கூலி சுமார் 5,000, 1717ல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளர் ஆர்லியன்ஸ் கோமகனுக்கு விற்றது 1,35,000 பவுன். அதே வருஷம் கார்ன்வாலில் பொகானக் என்ற பெரிய பண்ணையை 50,000 பவுனுக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கினார். கல் எவ்வளவு பெரிய காசு என்று இப்போது தெரிகிறதா?

தேதி விஷயத்தில் நான் மானம் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் முன்னால் பேசினேன். நவாப் தாவூத் கான் 1701 பிப்ரவரியில் கோட்டையை முற்றுகையிட்டார், பிட் சமாளித்தார், ஜூலையில் இருவரும் சமாதானமாகி 600 தட்டுப் பதார்த்தத்தோடு விருந்து நடந்தது, நவாப் பிரெஞ்சு பிராந்தியை ரசித்தார் என்று அளந்துவிட்டேன். கடைசி வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் கையைத் தூக்கினாள். “சார், அந்தக் காலத்து இங்கிலீஷ் வருஷம் மார்ச் 25ல்தானே தொடங்கும்?”

தொண்டை வறண்டுவிட்டது. அவள் சொன்னது சரி. 1752 வரை இங்கிலாந்தில் புது வருஷம் மார்ச் 25. அதனால் அவர்கள் ‘1701 பிப்ரவரி’ என்று எழுதினால் அது நம் கணக்கில் 1702 பிப்ரவரி. 1701 ஜூலை விருந்துதான் முதலில். விருந்து சாப்பிட்டுப் போன நவாப் ஏழு மாதம் கழித்துப் படையோடு வந்து வியாபாரத்தை மறித்து, மே வரை மூன்று மாதம் உட்கார்ந்து, கடைசியில் பணம் கைமாறிய பிறகுதான் எழுந்து போனார். சண்டைக்குப் பின் விருந்து என்று நான் சொன்னது இனிமையான கதை, ஆனால் தலைகீழ்.

ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை தேதியிட்ட ஆவணம் எதுவானாலும் இரண்டு வருஷத்தையும் சேர்த்து 1701/2 என்று குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் தேதி 1700 முதல் ஐரோப்பிய தேதிக்கு 11 நாள் பின்தங்கியிருந்தது. டென்மார்க்கும் நார்வேயும் 1700லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டன. பெர்கனில் உட்கார்ந்து பிட் எழுதிய அன்று அவர் ஊர் நாட்காட்டியும் ஜன்னலுக்கு வெளியே உள்ள நாட்காட்டியும் ஒன்றல்ல.

அந்த அவமானத்தில் வீட்டுக்கு வந்து என் குறிப்பு அட்டைகளையெல்லாம் தரையில் பரப்பி, தேதிகளைத் திருத்தி, மாதவாரியாக அடுக்கினேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வைர பேரம் முடிந்தது எப்போது? பிப்ரவரிக் கடைசி, இல்லையென்றால் மார்ச் ஆரம்பம், 1702. முற்றுகை எப்போது? பிப்ரவரி முதல் மே, 1702. ஒரே மாதம்! வெளியே நவாபின் ஆட்கள் சரக்கு வண்டிகளை மறிக்கிறார்கள். உள்ளே ஆலோசனை அறையில் கவர்னர் தன் சொந்தக் கணக்கில் கல்லுக்கு விலை பேசுகிறார். பெர்கன் வாக்குமூலத்தில் முற்றுகை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முற்றுகை கம்பெனிக் கணக்கு, வைரம் சொந்தக் கணக்கு. இரண்டும் வேறு வேறு தாளில் இருப்பதால் தனித்தனியாகப் படிப்பவர்களுக்குத் தெரியாது.

ஜாம்சந்த் சீக்கிரம் தன் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று இருந்தார் என்று பிட்டே எழுதுகிறார். ஊரைச் சுற்றிப் படை, கையில் பெரிய கல். அந்த நேரத்தில் 2,00,000 என்றவர் 48,000க்கு வந்தார். பிட் மிரட்டி வாங்கினார் என்று நான் சொல்லவில்லை, அதற்குத் தாளில் ஆதாரம் இல்லை. ஆனால் அவசரக்காரன் விற்கும்போது விலை யார் பக்கம் சாயும் என்பது அடகுக் கடை வாசலில் நின்ற எவருக்கும் தெரியும். இது என் கணிப்பு. உங்கள் அட்டையிலும் கணிப்பை வேறு நிறப் பேனாவில் எழுதுங்கள், நான் பச்சை வைத்திருக்கிறேன்.

பெயர்களைப் படிக்கும் வித்தை சுலபம்: கண்ணால் படிக்காமல் வாயால் படியுங்கள். ‘ட்ரிவட்டோர்’ என்று இருப்பதை இரண்டு முறை சத்தமாகச் சொன்னால் திருவொற்றியூர் வந்து நிற்கும். ‘லுங்கம்பாக்கம்’ நுங்கம்பாக்கம். ‘வின்கட்டி சிட்டி’ யார் என்று ஒரு வாரம் யோசித்தேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே, “வெங்கட்டி செட்டி, வேற யாரு?” என்றாள்.

இப்போது அவர் வாழ்க்கையின் முற்பகுதிக்குப் போகலாம், இதற்குள் ஆள் பழகிவிட்டார். இங்கிலாந்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மட்டும்தான் இந்தியாவோடு வியாபாரம் செய்ய அனுமதி. பிட் அந்த அனுமதி இல்லாமல் ஒடிசாக் கரையில் பாலசோரில் கடை விரித்தவர். இப்படிப்பட்டவர்களைக் கம்பெனிக்காரர்கள் ‘இன்டர்லோப்பர்’ என்றார்கள், நம் பாஷையில் திருட்டு வியாபாரி. 1682ல் வங்காளத்துக்குப் புறப்பட்ட கம்பெனி ஏஜென்ட் வில்லியம் ஹெட்ஜஸுக்கு, பிட்டைப் பிடி என்று உத்தரவு. பிட்டின் கப்பல் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. இங்கிலாந்து திரும்பியதும் 1,000 பவுன் அபராதம், அது 400ஆகக் குறைந்தது. அசராமல் 1693ல் மறுபடி அதே தொழிலுக்குக் கப்பலேறினார். கடைசியில் கம்பெனி என்ன செய்தது? 1697ல் அவரையே சென்னைக்குத் தலைவராகப் போட்டுவிட்டது. போட்டிக்காரனை ஒழிக்க முடியாவிட்டால் கல்லாவில் உட்கார வைப்பது எந்தக் கடைத்தெருவிலும் நடப்பதுதான். வேடிக்கை என்னவென்றால், லண்டனில் போட்டிக் கம்பெனி ஒன்று தொடங்கி, அதன் சார்பில் மசூலிப்பட்டணத்துக்கு வந்தவர் அவருடைய உறவினர் ஜான் பிட். தாமஸ் அவரை மதிக்கவே இல்லை. நேற்றுவரை திருட்டு வியாபாரி, இன்றைக்குச் சட்டம் பேசுகிறார்.

அரசியல் பக்கத்தைப் பலரும் தனி அத்தியாயமாக ஒதுக்குவார்கள். நான் அதையும் சொத்துப் பத்திரம் மாதிரியே படித்தேன், அதுதான் சரியாக வந்தது. சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் ஓல்ட் சாரம் என்று ஒரு மேடு. 13ஆம் நூற்றாண்டில் பேராலயம் கீழே புது ஊருக்குப் போனபின் ஜனங்களும் இறங்கிப் போய்விட்டார்கள். ஆனால் அந்த மேட்டுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு இடம் அப்படியே இருந்தது. ஓட்டு மனுஷனுக்கு இல்லை, குறிப்பிட்ட மனைகளுக்கு. மனைகளை வாங்கினால் உறுப்பினர் பதவியை வாங்கிய மாதிரி. பிட் 1691ல் வாங்கினார். 1832ல் சீர்திருத்தச் சட்டம் அந்தத் தொகுதியை ஒழித்தபோது அதற்கு இருந்த வாக்காளர்கள் 11 பேர்.

இதைப் படிக்கும் முறை இதுதான்: அவர் எந்தெந்த வருஷம் எந்தத் தொகுதி என்று ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே கப்பல் பயணங்களை இன்னொரு கோடாகப் போடுங்கள். 1689ல் சாலிஸ்பரி. 1690 முதல் 1695 வரை ஓல்ட் சாரம், அதற்கு நடுவில்தான் 1693 பயணம். அதாவது சட்டம் இயற்றும் சபை உறுப்பினர், கம்பெனியின் தனியுரிமையை மீறிக் கடலில் போய்க்கொண்டிருக்கிறார். பிறகு சென்னை. திரும்பியதும் 1710 முதல் மறுபடி ஓல்ட் சாரம். 1716ல் ஜமைக்கா கவர்னராகப் போட்டார்கள், போகாமலே ராஜினாமா. 1717ல் தேர்ஸ்க். 1722ல் திரும்பவும் சொந்த மேடு, சாகும்வரை. இரண்டு கோட்டையும் ஒன்றாகப் பார்த்தால் வியாபாரி எங்கே முடிந்து அரசியல்வாதி எங்கே ஆரம்பிக்கிறார் என்று கத்தி வைத்துப் பிரிக்க முடியாது. 1735ல் அதே மேட்டிலிருந்து சபைக்குப் போன பேரன் வில்லியம் பிட் பின்னால் பிரதமர். கொள்ளுப்பேரன் 24 வயதில் பிரதமர். 1784ல் கம்பெனியை அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த சட்டம் அவருடையது. தாத்தாவின் தாத்தனைத் தேடிய அதே கம்பெனி என்று எழுதலாமா என்று கை துறுதுறுத்தது, உறவுமுறை தப்பாகிவிடும். கொள்ளுத்தாத்தா, அவ்வளவுதான்.

கதைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். சுரங்க அடிமை காலைக் கிழித்துக் கல்லை ஒளித்தான், கப்பல் கேப்டன் அவனைக் கொன்றான் என்று ஒன்று உண்டு. மகன் ராபர்ட் செருப்புக் குதிகாலில் ஒளித்துக் கொண்டுபோனார் என்று இன்னொன்று. தனி உறையில் போட்டு வையுங்கள், தூக்கி எறிய வேண்டாம். ஊர் ஒருவரைப் பற்றி எதை நம்பத் தயாராக இருந்தது என்று அவை காட்டும். ராபர்ட் 1702ல் ‘லாயல் குக்’ கப்பலில் கல்லைக் கொண்டுபோனது உண்மை. இவ்வளவு பெரிய தொகையை ஒரே கப்பலில் ஏற்றுவதா என்று பயந்ததாகத் தாமஸ் பிட்டே எழுதியிருக்கிறார். பயந்தும் ஏற்றினார், கூடவே மகனையும்.

எங்கே போவது? எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கோட்டையின் நாட்குறிப்பும் ஆலோசனைக் குறிப்பும் அச்சுத் தொகுதிகளாகவே உண்டு, பழைய கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அனுமதிக்கு என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள், பென்சில் எடுத்துப் போங்கள். பிட்டின் சொந்தத் தாள்களுக்கு, ஹெட்ஜஸின் நாட்குறிப்பை 1880களில் ஹென்றி யூல் பதிப்பித்தாரே, அதன் மூன்றாம் தொகுதி. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். தொகுதி விவரங்களுக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்ற வரலாற்றின் இணையதளம். மூன்றையும் ஒரே வாரத்தில் திறக்காதீர்கள். ஒரு மாதம் ஒரு தாள்.

கடைசியாக ஒரு வேலை, இதற்கு நூலகம் தேவையில்லை. ஆனைக்குன்றிமணி மரம் சென்னையில் பல பூங்காக்களில் நிற்கிறது, மஞ்சாடி என்பது அதன் விதைதான். போன தையில் பேத்தியும் நானும் போய்ப் பொறுக்கி வந்தோம். சொத்தையைத் தள்ளிவிட்டு 305 எண்ணினோம், இரண்டு முறை எண்ணிக்கை தப்பியது. சமையலறைத் தராசில் வைத்தபோது 82 கிராம் காட்டியது. அவள் அள்ளிப் பார்த்தாள், அவளுடைய சின்னக் கைகள் இரண்டும் நிறைந்து மூன்று விதை தரையில் விழுந்தன.